சாவி யார்கிட்ட இருக்கு?

கொஞ்சம் நீளமான இழை மக்களே. பிள்ளையைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டிருக்கிற அம்மா அப்பா, ஹாஸ்டல் வார்டன், ஹாஸ்டலில் இருக்கிற தம்பி தங்கைகள் - இவங்க படிச்சா போதும். மத்தவங்க அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குக் கேசுவாலிட்டி டியூட்டி. சாயங்காலம் ஆறரை இருக்கும். 108 வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் 19 வயசுப் பையன். ஃபுட்பால் ஜெர்சி, ஒரு காலில் மட்டும் ஷூ. நெஞ்சை அமுக்கிக்கொண்டே இறக்கினார் இ.எம்.டி. மானிட்டரில் நேர்கோடு. நாற்பது நிமிஷம் விடாமல் செய்தோம். வரவில்லை.

அவன் வலது கையை யாரோ இறுக்கி மூடிவிட்டிருந்தார்கள். நர்ஸ் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சாவிக்கொத்து.

வலிப்புன்னு நினைச்சிருக்காங்க. நம்ம ஊரில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்கறது தலைமுறை தலைமுறையா வர்ற பழக்கம். அந்தப் பசங்க மேல் எனக்குக் கோபமே இல்லை. இதயம் திடீர்னு நின்னா முதல் சில நொடி கை கால் வெட்டி இழுக்கும், வாய் திறந்து ஏங்கி ஏங்கி மூச்சு விடற மாதிரி இருக்கும். பயிற்சி இல்லாத யாருக்கும் அது வலிப்பு மாதிரிதான் தெரியும்.

எனக்கு இன்னிக்கும் ஆறாதது அதுக்கப்புறம் நடந்த கதை. வெளியே நின்ற அவன் நண்பர்கள் மொபைலில் கால் ஹிஸ்டரியைக் காட்டிக்காட்டிச் சொன்னது இது.

5.40க்கு விழுந்தான். உடனே வார்டனுக்குப் போன். "தொடாதீங்க, நான் வர்றேன், வெளியில யாருக்கும் சொல்லாதீங்க" என்று சொல்லியிருக்கார். அவர் அவருக்கு மேலே இருக்கறவருக்குப் போன் அடிச்சார். அவர் மீட்டிங்கில். திரும்ப அடிச்சார். 108க்குப் போன் போனது 5.54க்கு. ஆம்புலன்ஸ் பன்னிரண்டே நிமிஷத்தில் மெயின் கேட்டுக்கு வந்துவிட்டது. சாயங்கால ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் பன்னிரண்டு நிமிஷம் என்றால் அந்த பைலட்டுக்குக் கோயிலே கட்டலாம். ஆனால் கிரவுண்டு இருப்பது காம்பஸின் பின்பக்கம். பின்கேட் இருக்கு, கிரவுண்டிலிருந்து நூறு அடிதான். பூட்டு. சாவி ஆபீஸில். ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிட்டது. மெயின் கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டி "எங்க போகணும், யாரைப் பார்க்கணும், எழுதுங்க" என்று கேட்டிருக்கார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லலை. உள்ளே சுத்தி, வழி கேட்டு, பையனிடம் போய்ச் சேர்ந்தது 6.13.

முப்பத்து மூணு நிமிஷம். அதுவரை அவன் நெஞ்சில் ஒருத்தரும் கை வைக்கலை.

இதயம் நின்ற ஆளுக்கு யாரும் நெஞ்சை அமுக்கலைன்னா, ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் கணக்குப் போட ஒண்ணும் மிச்சம் இருக்காது.

வார்டன் கெட்டவர் இல்லை. கேசுவாலிட்டி வாசலில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். "பர்மிஷன் இல்லாம ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு, பையன் சும்மா மயக்கம்னு எழுந்து உட்கார்ந்துட்டா என்னை என்ன கேப்பாங்க தெரியுமா சார்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே கேட்டிருப்பாங்க.

காம்பஸ் பாதுகாப்பு என்றாலே நாம் சி.சி.டி.வி., தீயணைப்பான், ஐ.டி. கார்டு என்று பொருள்களைத்தான் பேசுகிறோம். யு.ஜி.சி. 2015லேயே மாணவர் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஃபைலில் எல்லாக் காலேஜிலும் எல்லாம் இருக்கும். நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. யாரையும் கேட்காமல் வாயைத் திறக்க, பூட்டைத் திறக்க, உங்க காம்பஸில் யாருக்கு அதிகாரம் இருக்கு? ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே முழிச்சிருக்கிற ஆளுக்கு அது இருக்கா?

இதே கரையில் நடந்த ஒரு விஷயம் சொல்றேன். 2004 டிசம்பர் 26. சுமத்ரா பக்கம் பூகம்பம் வந்தது நம்ம நேரம் காலை ஆறரைக்கு. மாமல்லபுரம், கல்பாக்கம் கரையை அலை தொட்டது கிட்டத்தட்ட ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை, கரையில் வலை பிரிச்சுக்கிட்டு இருந்தவங்க, கிரிக்கெட் ஆடின பசங்க, வாக்கிங் போனவங்க, யாருக்கும் ஒரு வார்த்தை வரலை.

ஒரு ஊருக்கு வந்தது. புதுச்சேரியை ஒட்டி இருக்கும் நல்லவாடு. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் வைத்து, மீனவர்களுக்காகத் தினமும் கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது. அன்னிக்கு மையம் பூட்டியிருந்தது. ஊர்க்காரங்க கதவை உடைச்சு உள்ளே போய் ஒலிபெருக்கியில் "ஓடுங்க" என்று கத்தினாங்க. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம் தப்பிச்சது.

எத்தனையோ கூட்டத்தில் இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சொல்லக் கேட்டிருக்கேன். எனக்கு அதில் வேற ரெண்டு விஷயம்தான் பெருசாத் தெரியுது. ஒண்ணு, அந்த ஒலிபெருக்கி தினமும் பேசுகிற ஒலிபெருக்கி. "இன்னிக்கு அலை இவ்வளவு உயரம்" என்று நேற்றும் சொன்னது, முந்தாநாளும் சொன்னது. அதனால் அன்னிக்குச் சொன்னதையும் நம்பினாங்க. ரெண்டாவது, கதவை உடைச்ச ஆள் யாரிடமும் பர்மிஷன் கேட்கலை.

நம்ம காலேஜ்களில் ஒலிபெருக்கிக்கா பஞ்சம்? கல்ச்சுரல்ஸ் வந்தா கூடுவாஞ்சேரியில் அடிக்கிறது மறைமலைநகர் வரைக்கும் கேட்குது. மத்த நாளில் அது ஸ்டோர் ரூமில் தூங்குது.

வாட்ஸ்அப் குரூப் இருக்கே சார் என்பீங்க. ஃபீஸ், அட்டெண்டன்ஸ், பிறந்தநாள் வாழ்த்து, குட்மார்னிங் என ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் விழும் குரூப்பை எந்த மாணவனும் மியூட் பண்ணித்தான் வைச்சிருப்பான். நானும் எங்க டிபார்ட்மென்ட் குரூப்பை மியூட் பண்ணித்தான் வைச்சிருக்கேன்.

ஆனால் தமிழ்நாட்டில் எந்த மியூட்டையும் தாண்டி, ரெண்டே நிமிஷத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் போய்ச் சேருகிற ஒரு பாதுகாப்புச் செய்தி இருக்கு. மழை லீவு! "செங்கல்பட்டு மாவட்டத்தில் நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை - மாவட்ட ஆட்சியர்." சிரிக்காதீங்க, அதை ஒரு தடவை பொறுமையாகப் படிச்சுப் பாருங்க. எங்கே, எப்போ, யாருக்கு, என்ன செய்யணும், சொல்றது யார் - எல்லாம் ஒரே வரியில். உலக சுகாதார நிறுவனம் ஆபத்துக்காலத் தகவல் தொடர்புக்குப் பக்கம் பக்கமாக எழுதி வைச்சிருப்பதை நம்ம கலெக்டர்கள் ஒரு வரியில் முடிச்சுட்டாங்க.

ஒரே குறை. அது வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு எழுதின வரி. ஹாஸ்டலில் இருக்கிறவனுக்கு அதில் ஒண்ணுமே இல்லை. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி ராத்திரியில் ஹாஸ்டல் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது, ஜன்னல் பக்கக் கட்டிலை நகர்த்தணுமா, கரண்ட் போனா ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், மெஸ் மாஸ்டர் வருவாரா, ஆஸ்துமா பிள்ளைக்கு நெபுலைசர் எந்த ரூமில். லீவு என்று மட்டும் சொன்னா அவன் என்ன செய்வான்? புயல் பார்க்க பீச்சுக்குப் போவான். 19 வயசில் நானும் போயிருப்பேன்.

பீச் என்றதும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. ஜி.எஸ்.டி. ரோடு, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். மூணு ரோட்டுக் காலேஜ்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமல்லபுரம்தான். 2024 மார்ச்சில் ஆந்திராவின் சித்தூர் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களை இங்கே அலை இழுத்துக்கொண்டு போனது, சிலர் திரும்பவில்லை. அதே வருஷம் மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் பீச்சில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனாங்க. உடன் படித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். எங்க தொழிலுக்கு வர வேண்டிய பிள்ளைகள். அந்தச் செய்தியை முழுசாப் படிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

அந்த நாட்களுக்கு ஹைதராபாத்தின் கடல் தகவல் மையம் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கள்ளக்கடல். மலையாள மீனவர்கள் வைத்த பேர். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிப்பகுதியில் அடித்த புயல்காற்றில் கிளம்பின அலை, நாள்கணக்கில் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். இங்கே காத்து இருக்காது, மேகம் இருக்காது, கடல் சாதுவாத் தெரியும். திருடன் மாதிரி வந்து அள்ளிக்கிட்டுப் போகும். அதாவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத ஆபத்து. யாராவது சொன்னாத்தான் உண்டு.

சொன்னாங்க. "கடல் கொந்தளிப்புடன் காணப்படும், தாழ்வான கடலோரப் பகுதிகளில் உள்ளோர் எச்சரிக்கையுடன் இருக்கவும்" என்கிற தோரணையில்தான் நம்ம அறிவிப்புகள் எப்பவும் இருக்கும். திருச்சியிலோ செங்கல்பட்டிலோ ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, இது மீனவர்களுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். இதையே காலேஜ் இப்படி மாத்தி அனுப்பலாம்: "இந்த ரெண்டு நாளும் எந்தக் கடலிலும் கால்கூட நனைக்காதீங்க. அமைதியா இருக்கும், நம்பாதீங்க. லீவுக்கு வெளியூர் போனவங்க எங்க இருக்கீங்கன்னு பதில் போடுங்க." அனுப்பியிருந்தா காப்பாத்தியிருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். இருபது வயசு எதையும் கேட்காது. அஞ்சு பேரில் ஒருத்தி "டேய், சார் மெசேஜ் போட்டாரேடா" என்று சொல்லியிருப்பா. சில நேரம் அது போதும்.

(கடல் இழுத்தா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீங்க, களைச்சுடுவீங்க. கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வாங்க. முடியலைன்னா மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டுங்க. நீச்சல் தெரியாத நண்பன் காப்பாத்தக் குதிச்சு ரெண்டு பேரா போனதுதான் நான் பார்த்ததில் அதிகம்.)

"எல்லாத்தையும் சொன்னா பிள்ளைங்க பதறிடுவாங்க டாக்டர்." நான் பேசின ஒவ்வொரு பிரின்சிபாலும் சொன்ன வரி இது. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி நான் ஹவுஸ் சர்ஜன். மத்தியானம் சுமத்ரா கடலில் 8.6 ரிக்டர். சென்னை வரை கட்டடம் ஆடியது. சுனாமி எச்சரிக்கை. ஜனம் வெளியே வந்தது, ரோட்டில் நின்றது, வீட்டுக்குப் போன் பண்ணியது. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கினாங்க. கலைஞ்சு போய்ட்டாங்க. 2004ஐப் பார்த்த ஜனம் அது, பதறாமலா இருக்கும்? ஆனா சொல்லிட்டாங்க, முடிஞ்சதும் முடிஞ்சதுன்னும் சொன்னாங்க. அந்த ரெண்டாவது செய்தியை நம்ம காலேஜ்கள் அனுப்பி நான் பார்த்ததே இல்லை.

சொல்லாட்டி என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. காலேஜ் இல்லை, தொழிற்சாலை ஹாஸ்டல். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்காம நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் எப்படி இருக்காங்கன்னு மத்த பெண்களுக்குத் தெரியலை. "செத்துட்டாங்க, மறைக்கறாங்க" என்று வதந்தி. ராத்திரியோட ராத்திரியா ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துட்டாங்க. யாரும் சாகலை. ஆனா அதை நம்பவைக்க அரசு படாதபாடு பட்டது. வதந்தி பரப்பினவங்களைத் திட்டறது சுலபம். என் அறைத்தோழியை ஆம்புலன்ஸில் ஏத்திட்டுப் போய், யாரும் வாயைத் திறக்கலைன்னா நானும் ரோட்டுக்குத்தான் வருவேன்.

இன்னொரு விஷயம், கல்பாக்கம். பயமுறுத்த எழுதலை. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதி. அதற்குள் கிராமங்களில் ஒத்திகை நடக்கும், வெளியே இருக்கும் மக்களுக்கான ஏற்பாட்டுக்குத் தலைமை கலெக்டர். இந்த ஏற்பாடு நல்லாவே இருக்கு. 2004 சுனாமியில் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தபோதும் உலையைப் பத்திரமாக நிறுத்தினாங்க. என் கவலை, அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியுமா என்பதுதான். அங்கே ஒரு கூட்டத்தில் கேட்டேன், "சைரன் அடிச்சா என்ன செய்வீங்க?" முக்கால்வாசிப் பேர் "பைக்கை எடுத்துட்டு ஓடிடுவோம் சார்" என்றாங்க. செய்யக் கூடாதது அதுதான். முதல் வேலை உள்ளே போய்க் கதவு ஜன்னலைச் சாத்திட்டு அடுத்த அறிவிப்பு வரும்வரை இருக்கறது. அயோடின் மாத்திரை, அதிகாரி சொல்லும்போது மட்டும். உப்பை அள்ளித் தின்னா வேலை செய்யாது, 2011 ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் சீனாவில் ஜனம் அயோடின் உப்பை மூட்டை மூட்டையா வாங்கினாங்க, ஒரு பிரயோஜனமும் இல்லை. சுனாமின்னா உயரத்துக்கு ஓடணும், கதிர்வீச்சுன்னா உள்ளே இருக்கணும். ஒரே கரையில் ரெண்டு ஆபத்து, நேர் எதிரான ரெண்டு பதில். இதை அன்னிக்கு யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. பீகாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் அறிவிப்பு மட்டும் போதாது என்பதையும் யாராவது நினைக்கணும்.

சரி டாக்டர், என்னதான் செய்யணும்? பெருசா ஒண்ணும் இல்லை. முதல் வேலையா, எந்த மாணவனும் எந்த ஊழியரும் யாரையும் கேட்காமல் 108 அடிக்கலாம், தப்பான அழைப்பா இருந்தாலும் கேள்வி வராது என்று காலேஜ் கையெழுத்துப் போட்டு ஹாஸ்டல் வாசலில் ஒட்டணும். பத்து வீண் அழைப்பு வரும். வரட்டும். கேட்களுக்கு நம்பர் போடுங்க, "மூணாவது கேட், கிரவுண்டு பக்கம்" என்று போனில் சொல்ல முடியணும். செக்யூரிட்டிக்கு அந்த நிமிஷமே தகவல் போகணும், ஆம்புலன்ஸுக்கு நோட்டில் கையெழுத்து கேட்கக் கூடாது. ஆபத்துக்குன்னு ஒரு தனி குரூப், அதில் வேற எதுவுமே போடக் கூடாது, மாசம் ஒரு தடவை ஒத்திகை செய்தி மட்டும்.

அப்புறம் நெஞ்சை அமுக்கக் கத்துக்கோங்க. தட்டிக் கூப்பிட்டா பதில் இல்லை, மூச்சு சீரா இல்லைன்னா போனை ஸ்பீக்கரில் போட்டு 108. நடு நெஞ்சில் ரெண்டு கையையும் வைச்சு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆள் மாத்தி மாத்தி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். வாயோடு வாய் வைக்கத் தயக்கமா, வேண்டாம், அமுக்கினாலே போதும். விலா எலும்பு உடைஞ்சா நாங்க பார்த்துக்கறோம்.

அந்தக் காலேஜுக்கு மறு வருஷம் இதையே சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டாங்க. போனேன். பசங்க நல்லாக் கத்துக்கிட்டாங்க. முடிஞ்சு கிரவுண்டு பக்கம் நடந்தேன். பின்கேட் அதே மாதிரி பூட்டியே இருந்தது. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன், "அண்ணே, இந்தச் சாவி இன்னும் ஆபீஸ்லதானா?"

சுத்தி ஒரு தடவை பார்த்துட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "டூப்ளிகேட் நானே போட்டுக்கிட்டேன் சார். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க."